சித்தூர் வி. நாகையா: கொடுத்தே கரைந்த குணச்சித்திரக் கலைஞர்

திருமலை: ஏழுமலையான் கோயிலின் வரலாற்றைக் கேட்போர் தவறாமல் கேட்கும் பெயர்களில் ஒன்று ஹாதிராம் பாவாஜி. வட இந்தியாவிலிருந்து வந்த இந்தத் துறவியுடன் பெருமாளே இரவில் வந்து பகடை ஆடியதாகத் தல வரலாறு கூறும். அவர் பக்தியைச் சோதிக்க ஒரு வண்டிக் கரும்போடு அறையில் பூட்டி வைத்தபோது, யானை வடிவில் இறைவன் வந்து விடிவதற்குள் அத்தனையையும் தின்று தீர்த்தார் என்பது அந்தக் கதையின் உச்சம்.

1960-ஆம் ஆண்டு வெளியான 'ஸ்ரீ வெங்கடேஸ்வர மஹாத்யம்' என்ற தெலுங்குப் படத்தில் இந்தப் பாவாஜியாகத் தோன்றியவர் சித்தூர் வி. நாகையா. பி. புல்லையா இயக்கிய அந்தப் படத்தில் என்.டி. ராமராவ் வேங்கடவனாகவும் சாவித்திரி பத்மாவதியாகவும் நடித்தனர். நாகையாவின் வேடம் சிறியது. ஆனால், அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு தென்னிந்தியத் திரையின் மிகப் பெரிய நாயகர்களில் ஒருவராக விளங்கியவர் அவர்.

நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர், தயாரிப்பாளர் என ஐந்து பொறுப்புகளையும் ஏற்றவர். 1965-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். தமிழ், தெலுங்கு என இரு மொழி ரசிகர்களும் தம்மவர் என்று உரிமை கொண்டாடிய இக்கலைஞர், கடைசி ஆண்டுகளில் சிறு சிறு வேடங்களுக்குக் கிடைத்த ஊதியத்தைக் கொண்டே வாழ நேர்ந்தது.

எல்லையோர மண்ணின் மைந்தர்

நாகையா 1904-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் குண்டூர் மாவட்டம் ரேபல்லேயில் பிறந்தார். இளமையில் அவரை வளர்த்தது குப்பம். இன்றைய ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் ஊர் அது. ஒரே சந்தையில் மூன்று மொழிகளும் கேட்கும் அந்த மண்ணில் வளர்ந்தவருக்குப் பிற்காலத்தில் தமிழ்ப் படங்களில் பேசுவது அந்நியமான காரியமாக இருக்கவில்லை.

திருப்பதி தேவஸ்தானத்தின் உதவித்தொகையைப் பெற்று அவர் படித்தார். அந்நாளில் கோயில் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துகளிடம் இருந்தது. 1843 முதல் 1933 வரை சுமார் 90 ஆண்டுகள் அந்த மடமே திருமலைக் கோயிலை நிர்வகித்தது. மடத்தின் பொறுப்பில் இருந்த கோயிலின் உதவியால் படித்த மாணவர், பின்னாளில் அந்த மடத்துக்குப் பெயர் தந்த துறவியின் வேடத்தையே ஏற்றார்.

அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட சித்தூர், 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று வட ஆற்காடு, கடப்பை உள்ளிட்ட மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட மாவட்டத்தின் தலைநகர். தமிழும் தெலுங்கும் வீட்டுக்கு வீடு மாறி ஒலித்த ஊர். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இந்த மாவட்டம் யாருக்கு உரியது என்ற கேள்வி பெரும் போராட்டமாக வெடித்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. எல்லைக் கோடுகள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்த காலம் முழுவதும் நாகையா இரு மொழிப் படங்களிலும் இடைவிடாது நடித்துவந்தார்.

மேடை தந்த பெயர்

படிப்பு முடிந்தபின் சிறிது காலம் அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய நாகையா, பின்னர் பத்திரிகைத் துறையிலும் இருந்தார். 1930-இல் காந்தியடிகள் தொடங்கிய உப்பு சத்தியாகிரகம் அவரையும் ஈர்த்தது. போராட்டத்தில் பங்கேற்ற அவரிடம் கதராடையும் காந்திய எளிமையும் நிலைத்துவிட்டன.

அவரைக் கலைஞராக்கியது சித்தூரின் ராமவிலாச சபை. அக்காலத்தில் ஆந்திரத்தின் பெருநகர்களிலும் சிறுநகர்களிலும் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்திய நாடக சபைகள் பல இருந்தன. பகலில் கோப்புகளைப் பார்த்தவர்கள் இரவில் அரிதாரம் பூசினர். பல்லாரியைச் சேர்ந்த தர்மவரம் ராமகிருஷ்ணமாச்சார்யுலு எழுதிய 'சித்ரநளீயம்', 'சாரங்கதரா' போன்ற நாடகங்கள் இந்தச் சபைகளின் உயிர்நாடி. பெண்கள் மேடையேறத் தயங்கிய காலம் என்பதால் ஆண்களே பெண் வேடமும் ஏற்றனர். இளைஞர் நாகையாவும் பெண் வேடங்களில் நடித்துப் பெயர் பெற்றார்.

ஒலிபெருக்கி இல்லாத அந்த மேடையில் நடிகரின் முதல் கருவி குரல். பத்தியங்கள் எனப்படும் செய்யுள்களைக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ராகத்தோடு பாடியாக வேண்டும். பெரும்பாலான நடிகர்கள் இதற்காகக் குரலை உயர்த்தினர், ஆலாபனையை நீட்டினர், கைதட்டல் வந்தால் மறுபடியும் பாடினர். நாகையாவின் வழி வேறு. பொருள் கெடாமல் சொல்லைப் பிரித்து, உணர்ச்சிக்கு ஏற்பக் குரலைத் தாழ்த்திப் பாடுவது அவர் பாணி. மேடையில் அரிதாக இருந்த இந்த அடக்கமே திரையில் அவருடைய பெரும் பலமாயிற்று.

கள்ளுக்கு எதிரான குரல்

1938-இல் ரோகிணி பிக்சர்ஸ் தயாரிப்பில் எச்.எம். ரெட்டி இயக்கிய 'கிருகலட்சுமி' என்ற படம் நாகையாவின் முதல் திரைப்படம். கதாநாயகி பி. கண்ணாம்பா. நாகையா ஏற்றது கோபிநாத் என்ற சமூகச் சீர்திருத்தவாதியின் வேடம். கள்ளுண்பதைக் கைவிடுமாறு மக்களை வேண்டி அவர் பாடிய பாடல் தெலுங்கு நாடெங்கும் பரவியது.

அந்தப் பாடலின் வெற்றிக்குக் காலமும் துணை நின்றது. ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தியது. சொந்த மாவட்டத்தில் கள்ளுக்கடைகள் மூடப்பட்ட அதே ஆண்டில், சித்தூர்க்காரர் ஒருவர் திரையில் கள்ளுக்கு எதிராகப் பாடினார். காந்தியத் தொண்டராக அவர் நம்பியதும் நடிகராக அவர் பாடியதும் ஒன்றாக இருந்தன. பார்வையாளர்கள் அதை உணர்ந்தனர்.

வாகினியின் நாயகர்

'கிருகலட்சுமி' படத்தோடு தொடர்புடைய பி.என். ரெட்டி, தனியே வாகினி பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி 1939-இல் 'வந்தே மாதரம்' படத்தை இயக்கினார். படித்தும் வேலையில்லாத இளைஞனின் அவலத்தையும் வரதட்சணைக் கொடுமையையும் பேசிய அந்தப் படத்தில் நாகையா கதாநாயகர், காஞ்சனமாலா கதாநாயகி. இசையும் நாகையாவே. புராணப் படங்களே ஓடும் என்று நம்பப்பட்ட காலத்தில், சமகால வாழ்வைச் சொன்ன அந்தப் படம் பெருவெற்றி பெற்றது.

நாயகனாக வெற்றி பெற்றவர் அடுத்தடுத்தும் நாயகனாகவே நடிக்க விரும்புவது இயல்பு. நாகையா அப்படிச் செய்யவில்லை. 1940-இல் வெளியான 'சுமங்கலி' படத்தில் விதவைத் திருமணத்துக்காகப் பாடுபடும் முதியவராக நடித்தார். சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கத்தை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட பாத்திரம் அது. நாகையாவுக்கு அப்போது வயது 36. நரைத்த தலையும் தளர்ந்த நடையும் கொண்ட அந்தக் கிழவரை முந்தைய ஆண்டின் இளம் நாயகரோடு பொருத்திப் பார்ப்பது கடினம்.

வயதையும் அழகையும் பொருட்படுத்தாமல் பாத்திரத்துக்குள் மறையும் இந்த இயல்பால்தான் பத்திரிகைகள் அவரை இந்தியாவின் பால் முனி என்று அழைத்தன. லூயி பாஸ்டர், எமிலி சோலா போன்ற உண்மை மனிதர்களாகவே திரையில் மாறிக் காட்டிய ஹாலிவுட் நடிகர் பால் முனி. ஒப்பனையால் மட்டுமன்றி, பேசும் வேகத்தாலும் உடல் மொழியாலும் வேறொருவராக மாறுவது இருவருக்கும் பொதுவான திறமை.

1941-இல் 'தேவதா' வந்தது. அடுத்து வந்த 'பக்த போதனா' நாகையாவை வேறு உயரத்துக்குக் கொண்டு சென்றது. பின்னாளில் 'பாதாள பைரவி', 'மாயா பஜார்' படங்களைத் தந்த கே.வி. ரெட்டி இயக்குநரான முதல் படம் அதுவே. இரண்டாம் உலகப் போரின் நடுவே, ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி 1942 ஏப்ரலில் மக்கள் சென்னையைக் காலி செய்துகொண்டிருந்த நாட்களில் உருவான படம்.

பாகவதத்தைத் தெலுங்கில் பாடிய போதனா, அந்நூலை அரசனுக்குக் காணிக்கையாக்க மறுத்து, ராமனுக்கே படைத்துவிட்டு ஏர் பிடித்து உழுது வாழ்ந்த கவிஞர். செல்வத்தை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதரை நாகையா உரத்த வசனத்தால் காட்டவில்லை. அமைதியான முகத்தாலும் உருகும் குரலாலும் காட்டினார். படம் பார்த்தவர்கள் நாகையாவையே ஒரு பக்தராகக் கருதத் தொடங்கினர். அவரைக் கண்டால் கைகூப்பி வணங்கியவர்களும் உண்டு.

1947-இல் அதே கே.வி. ரெட்டி இயக்கத்தில் 'யோகி வேமனா' வெளியானது. சிற்றின்பத்தில் மூழ்கிக் கிடந்த இளைஞன் இழப்பால் ஞானியாகும் கதை. காமமும் கதறலும் துறவும் ஒரே படத்தில் ஒரே முகத்தில் மாறி மாறித் தோன்றிய அந்த நடிப்பை அவருடைய வாழ்நாள் சாதனைகளுள் ஒன்றாகத் திரை வரலாற்றாளர்கள் மதிக்கின்றனர்.

பக்தர் வேடம் மட்டுமே அவருக்குப் பொருந்தும் என்ற எண்ணத்தை 1945-இல் வெளியான 'ஸ்வர்க்க சீமா' தகர்த்தது. நடிகை ஒருத்தியின் மோகத்தில் மனைவி மக்களை மறக்கும் பத்திரிகை ஆசிரியராக அதில் நடித்தார். நடிகையாகத் தோன்றிய பி. பானுமதிக்குப் பெரும்புகழ் தந்த படம் அது. நாகையா இசைப் பொறுப்பேற்ற அந்தப் படத்தில்தான் கண்டசாலாவின் குரல் முதன்முதலாகத் திரையில் ஒலித்தது. நடிகர்கள் சொந்தக் குரலில் பாடிய காலம் சில ஆண்டுகளில் முடிந்து, பின்னணிப் பாடகர்களின் காலம் பிறந்தது. கண்டசாலா அக்காலத்தின் தெலுங்குக் குரலானார். பாடத் தெரிந்த நடிகர்களின் இடத்தைக் குறைத்த அந்த மாற்றத்துக்கு, பாடும் நடிகரான நாகையாவே அறியாமல் ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

தமிழ்த் திரையில்

தமிழில் நாகையாவைப் பரவலாக அறிமுகப்படுத்திய படம் 1941-இல் வெளியான 'அசோக் குமார்'. ராஜா சந்திரசேகர் இயக்கத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் குணாளனாகவும், நாகையா பேரரசர் அசோகராகவும், கண்ணாம்பா திஷ்யரட்சிதையாகவும் நடித்தனர். சிற்றன்னை மகன்மீது மோகம் கொண்டு, அவன் மறுத்ததும் பழி சுமத்துவதே கதை. 'சாரங்கதரா' நாடகத்தின் கருவும் இதுவே. எனவே தெலுங்கு மேடையிலிருந்து வந்தவருக்கு இந்தக் கதைக்களம் புதிதல்ல. பொய்யை நம்பி மகனைத் தண்டித்துவிட்டுப் பின்னர் உண்மை அறிந்து நொறுங்கும் தந்தையாக, பாகவதரின் பாட்டுக்கு இணையான இடத்தை நாகையாவின் நடிப்பு பெற்றது.

1945 தீபாவளிக்கு வெளியான 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவராக, மேவார் ராணாவாக நடித்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படம். மனைவியின் பக்தியைப் புரிந்துகொள்ள முடியாத அரசனை எளிதாக வில்லனாக்கியிருக்கலாம். நாகையா அவனைத் தவிக்கும் மனிதனாக்கினார். மனைவியிடம் அன்பும் உண்டு, அரச குலத்தின் மானமும் உண்டு. இரண்டுக்கும் இடையே அகப்பட்டவன் என்று பார்வையாளர் இரங்கும்படி நடித்தார். இந்தி வடிவம் 1947-இல் வெளியானபோது அந்த நடிப்பு வடநாட்டையும் எட்டியது.

1948-இல் ஜெமினி தயாரித்த 'சக்ரதாரி'யில் பாண்டுரங்க பக்தரான குயவர் கோராகும்பராக நடித்தார். பஜனையில் தன்னை மறந்து ஆடிக்கொண்டே மண் மிதிக்கும்போது, தன் குழந்தையையும் சேர்த்து மிதித்துவிடும் தந்தையின் கதை அது. பக்திப் பரவசத்துக்கும் மகனை இழந்த துயரத்துக்கும் இடையேயான சில கணங்களை அவர் முகம் மட்டுமே தாங்கியது.

தமிழ் ரசிகர்கள் இன்றும் அவரை நினைப்பது பெரும்பாலும் 1950-இல் வெளியான 'ஏழை படும் பாடு' படத்துக்காகத்தான். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவின் புகழ்பெற்ற நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்திருந்தார். அதைத் தழுவிப் பக்ஷிராஜா நிறுவனம் தயாரித்த படத்தை இயக்கியவர் கே. ராம்நாத். 'வந்தே மாதரம்' படத்தின் ஒளிப்பதிவாளர் அவரே என்பதால், நாகையாவின் முகத்தில் எந்த நிழல் எங்கே விழ வேண்டும் என்பதை நன்கு அறிந்தவர்.

பசிக்காகத் திருடிச் சிறை சென்று, மனிதர்மீதே வெறுப்புடன் வெளியே வரும் கந்தன் பாத்திரம் நாகையாவுக்கு. அடைக்கலம் கொடுத்த பாதிரியாரின் வீட்டு வெள்ளிப் பொருளையே திருடியபோதும், அவரைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பாதிரியாரின் கருணை அவரை மாற்றுகிறது. வேறு பெயரில் ஊர் மதிக்கும் மனிதராக வாழும் அவரை, சட்டம் ஒன்றையே தெய்வமாகக் கருதும் காவல் அதிகாரி விடாமல் துரத்துகிறார். அந்த அதிகாரியாக நடித்த சீதாராமன், பாத்திரத்தின் பெயரே ஒட்டிக்கொள்ள, வாழ்நாள் முழுவதும் ஜாவர் சீதாராமன் என்றே அறியப்பட்டார்.

மிருகம் போல் முரண்டு பிடிக்கும் கைதி, கருணை கண்டு திகைக்கும் திருடன், வளர்ப்பு மகளுக்காகவே வாழும் முதியவர் என மூன்று பருவங்களையும் நாகையா வேறுபடுத்திக் காட்டினார். பிரெஞ்சு நாட்டுக் கதை தமிழ் மண்ணின் கதையாகவே ஏற்கப்பட்டதற்கு அவர் நடிப்பு முக்கியக் காரணம்.

தியாகய்யாவும் ரேணுகாவும்

வெற்றியின் உச்சத்தில் இருந்தபோது நாகையா ரேணுகா பிலிம்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் மூலம் 1946-இல் 'தியாகய்யா' படத்தைத் தயாரித்து, இயக்கி, இசையமைத்து, தியாகராஜ சுவாமிகளாகவும் நடித்தார். திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய அந்த மகானின் கதைக்கு, சித்தூர் எல்லையில் இரு மொழிகளுக்கு இடையே வளர்ந்த ஒருவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க முடியாது.

கீர்த்தனைகளைக் கச்சேரி வித்வானைப் போல் விரிவாகப் பாடாமல், வாழ்க்கைச் சூழலில் மனம் கசிந்து பிறக்கும் பாடல்களாக அவர் பாடினார். அரசன் அனுப்பிய பொன்னை மறுத்து, உஞ்சவிருத்தி எடுத்து வாழும் காட்சிகள் ரசிகர்களைக் கரைத்தன. கர்நாடக இசைப் பயிற்சி இல்லாத பாமரரும் தியாகராஜரின் பெயரையும் பாடல்களையும் அறியச் செய்த படங்களில் 'தியாகய்யா'வுக்குத் தனி இடம் உண்டு.

அந்நாட்களில் அவருடைய ஊதியம் மலைக்க வைப்பதாக இருந்தது. 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்காக கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் பெற்றது நாடறிந்த செய்தி. அந்த லட்ச ரூபாய் வரிசையில் இடம்பெற்ற நடிகராக நாகையாவும் குறிப்பிடப்படுகிறார்.

வந்த பணம் தங்கவில்லை. அவருடைய வீடு அடையாத கதவு. வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்த இளைஞர்கள், வேலையிழந்த நாடகக் கலைஞர்கள், மகள் திருமணத்துக்கு உதவி கேட்டு வந்தவர்கள் என யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கேட்டவரின் தகுதியை அவர் ஆராயவில்லை. கொடுத்ததைக் கணக்கில் எழுதவும் இல்லை. திரையில் பொன்னைத் துறந்த போதனாவும் தியாகய்யாவும் நிஜ வாழ்விலும் அவரைவிட்டு நீங்கவில்லை என்று திரையுலகம் வியந்தது.

கரைந்த செல்வம்

வியப்பு ஒருபுறம் இருக்க, படத்தயாரிப்பு கணக்கு வழக்கில் கண்டிப்பைக் கேட்கும் தொழில். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கடன் வாங்கிப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. வட்டி வளர்வதற்குள் படம் முடிந்தாக வேண்டும். முடிந்த படம் ஓடியாக வேண்டும். நாகையாவிடம் கலைஞரின் பொறுமை இருந்தது. காட்சி திருப்தி தரும்வரை மீண்டும் மீண்டும் எடுக்கும் பொறுமை தயாரிப்பாளருக்கு ஆபத்தானது.

1953-இல் தமிழில் 'என் வீடு' என்றும் தெலுங்கில் 'நா இல்லு' என்றும் அவர் இயக்கி நடித்த படம் அவருடைய பொருளாதார நிலையை உயர்த்தவில்லை. நட்டத்துக்குப் பிறகும் அவர் மனத்தில் ஒரு கனவு எஞ்சியிருந்தது. பத்ராசலத்தில் ராமருக்குக் கோயில் கட்டிய பக்த ராமதாசின் கதையைப் படமாக்க வேண்டும் என்பதே அது.

கோல்கொண்டா அரசின் வரிப் பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டு, அதற்காகச் சிறையில் வாடியவர் ராமதாசு. இந்தக் கதையை இயக்கி, இசையமைத்து, நடிக்கவும் முனைந்த நாகையாவுக்குப் பணம் திரட்டுவதே பெரும்பாடாயிற்று. பல ஆண்டுகள் இழுத்தடித்து 1964-இல் 'பக்த ராமதாசு' வெளியானபோது அவருக்கு வயது 60. பாடல்கள் பாராட்டப்பட்டன, செலவழித்த பொருள் திரும்பவில்லை. ராமனுக்காகச் செலவிட்டுக் கடனாளியான ராமதாசின் கதை, அதைப் படமாக்கியவரின் கதையாகவும் ஆனது.

அக்காலத் திரையுலகில் இது தனித்த நிகழ்வல்ல. பாகவதரும் சொந்தப் படங்களில் பொருளிழந்து 1959-இல் மறைந்தார். சாவித்திரியும் சொந்தத் தயாரிப்பில் செல்வத்தை இழந்தார். ஓய்வூதியமோ காப்பீடோ இல்லாத தொழிலில், உச்சத்தில் இருக்கும்போது சேர்க்காதவருக்குப் பிற்காலம் இல்லை என்ற கொடிய விதி நாகையாவையும் விடவில்லை.

தந்தையும் துறவியுமாக

நாயக வாய்ப்புகள் மறைந்தபின் நாகையா கிடைத்த வேடங்களை ஏற்றார். ஊதியம் குறைந்தது, காட்சிகள் குறைந்தன. ஆனால், எந்தச் சிறு வேடத்தையும் அவர் அலட்சியமாக நடித்ததில்லை. தமிழ்த் திரையின் அடுத்த தலைமுறை ரசிகர்கள் அறிந்த நாகையா, இந்த இரண்டாம் வாழ்வின் நாகையாதான்.

1958-இல் 'சம்பூர்ண ராமாயணம்' படத்தில் தசரதராக நடித்தார். என்.டி. ராமராவ் ராமராகவும் சிவாஜி கணேசன் பரதராகவும் நடித்த படம். கைகேயிக்குக் கொடுத்த வாக்குக்கும் மகன்மீது கொண்ட பாசத்துக்கும் இடையே உயிர்விடும் அரசனாக, 'அசோக் குமார்' நாட்களின் தந்தையை மீண்டும் நினைவூட்டினார்.

1961-இல் ஏ. பீம்சிங் இயக்கிய 'பாவ மன்னிப்பு' படத்தில், கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து ரஹீம் என்று பெயரிட்டு வளர்க்கும் இஸ்லாமியப் பெரியவராகத் தோன்றினார். ரஹீமாக நடித்தவர் சிவாஜி கணேசன். ராம பக்தராகவே மக்கள் மனத்தில் பதிந்திருந்த ஒருவர், தாடியும் தொப்பியும் அணிந்து அன்பே உருவான இஸ்லாமியராக வந்தபோது, யாருக்கும் அது வேடமாகத் தோன்றவில்லை. மத நல்லிணக்கத்தைப் பேசிய அந்தப் படத்தின் கருத்துக்கு அவர் முகமே சான்றாக நின்றது.

1963-இல் வண்ணப் படமாக வெளியான 'லவகுசா'வில் வால்மீகி முனிவரானார். 1969-இல் சிவாஜி கணேசன் மூன்று வேடங்களில் நடித்த 'தெய்வ மகன்' படத்தில், முகம் கோரமாகப் பிறந்ததால் தந்தையால் விலக்கப்பட்ட மகனை வளர்த்து ஆளாக்கும் பெரியவராக நடித்தார். ஆஸ்கர் விருதுப் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம் அது.

இந்த வேடங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இஸ்மாயிலாகட்டும், வால்மீகியாகட்டும், 'தெய்வ மகன்' பெரியவராகட்டும், பிறர் பெற்ற பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுப்பவர்கள். ஆதரவின்றி வந்தவர்களுக்குச் சோறும் இடமும் தந்தவரை இயக்குநர்கள் அத்தகைய வேடங்களுக்கே தேடி அழைத்தது பொருத்தமாகவே அமைந்தது.

நடிப்பின் இலக்கணம்

குணச்சித்திர நடிப்பு என்பது கதையைத் தாங்குவது. கதையைவிட முன்னே வந்து நிற்பதல்ல. நாகையாவின் நடிப்பில் மூன்று கூறுகள் தெளிவாகத் தெரியும். முதலாவது, நிதானம். எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பதையும் அவர் நடிப்பாக்கினார். இரண்டாவது, குரல். கோபத்தில்கூட அது கரகரக்காது; துயரத்தில் மெல்லத் தழையும். மூன்றாவது, கண்ணீரை அடக்கும் பாங்கு. அழுது காட்டுவதைவிட, அழாமல் இருக்க முயல்வதைக் காட்டுவது அவர் வழக்கம். மேடைத் தாக்கத்தால் உரத்த நடிப்பே கோலோச்சிய காலத்தில், ஒலிவாங்கியும் ஒளிப்படக்கருவியும் அருகில் இருக்கின்றன என்பதை உணர்ந்து நடித்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

இசையமைப்பிலும் இதே எளிமை. வாகினியின் தொடக்ககாலப் படங்களின் பாடல்கள் செவ்வியல் இசையின் அடித்தளத்தில் நின்றாலும், சொல் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

விருதும் விடைபெறலும்

1965-ஆம் ஆண்டு இந்திய அரசு நாகையாவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அடுத்த ஆண்டு சிவாஜி கணேசனும், 1968-இல் என்.டி. ராமராவும் அக்கினேனி நாகேஸ்வர ராவும் அதே விருதைப் பெற்றனர். தென்னிந்தியத் திரையின் இந்த மூன்று பெரும் நாயகர்களுக்கும் முன்னதாகவே அந்த விருது நாகையாவைத் தேடி வந்தது. ஆனால், விருதால் கடன் தீரவில்லை. வயது ஏற ஏற, ஒரு நாள், இரண்டு நாள் படப்பிடிப்புக்கான வேடங்களுக்கும் அவர் சென்றுவந்தார்.

கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அவரிடம் உதவி பெற்றவர்களில் சிலர் பின்னாளில் வசதி பெற்றிருந்தபோதும், தம் நிலையைச் சொல்லி அவர்கள் வாசலில் நிற்க அவர் மனம் ஒப்பவில்லை. உழைத்துக் கிடைப்பதே போதும் என்ற காந்தியப் பிடிவாதம் இறுதிவரை இருந்தது.

1973-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று சென்னையில் நாகையா காலமானார். அவருக்கு வயது 69. சொத்து என்று சொல்லிக்கொள்ள எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களையும், ஊரின் பெயரைத் தாங்கிய தம் பெயரையும் விட்டுச் சென்றார்.

பிறந்தது குண்டூர் மாவட்டம், வாழ்ந்து மறைந்தது சென்னை. ஆயினும் தமிழர்களும் தெலுங்கர்களும் அவரைச் சித்தூர் நாகையா என்றே அழைத்தனர். முதன்முதலாகத் தம்மை மேடையேற்றிய ஊருக்கு அவர் செலுத்திய நன்றிக்கடனாக அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. திருமலைக்கு வரும் பக்தர்கள் ஹாதிராம் பாவாஜியின் கதையை இன்றும் கேட்கின்றனர். அந்தப் பழைய தெலுங்குப் படத்தைப் பார்த்த முதியவர்களின் நினைவில் அந்தத் துறவிக்கு ஒரு முகம் உண்டு. அது நாகையாவின் முகம்.